ஸ்டவ்வைத் தூக்கி வந்தவர்

ஊரிகம்
8 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

லவினா எழுதுகிறேன். வீட்டில் மூன்று பேரும் சுகம். அப்பாவின் இருமல் குறைந்திருக்கிறது. இன்று மாதா பிறந்தநாள் பூசையில் அம்மா உன் பேரைச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றினாள். அங்கே கன்னியர் மடத்தில் உனக்கு உடம்பு எப்படி? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ராபர்ட்சன்பேட்டையில் கூடாரம், டார்ச் எல்லாம் வாடகைக்கு விடுகிற வால்டர் அண்ணனை உனக்குத் தெரியும். அவர் கோலார் போகிற வழியில் ஒரு பாறைக் குன்றுக்குக் கீழே கேம்ப் போட்டிருக்கிறார். பெங்களூரிலிருந்து கம்பெனி ஆட்கள் சனிக்கிழமை சாயங்காலம் வந்து கூடாரத்தில் தூங்கி, விடிகிறபோது பாறை ஏறிவிட்டுப் பசியோடு இறங்குவார்கள். ஸ்கெலட்டன் ஏரியா செல்வி அக்காதான் சமையல். நான் கூடமாட. சமையல் கூடாரத்துக்கு உள்ளேயே இருந்துகொள்ளலாம், யாரோடும் பேச வேண்டாம். பத்தாவதில் நின்ற பிறகு துணிக்கடைக்குப் போனேனே, மூன்றே நாளில் ஓடி வந்தேனே, அந்த மாதிரி இல்லை.

ஆனால் ஒரு சிக்கல். வருகிறவர்கள் இங்கேயும் இட்லியா என்று முகம் சுளிக்கிறார்கள். பேக்கரி ரொட்டி ஜீப்பில் வந்து சேர்வதற்குள் நசுங்கிவிடுகிறது. அங்கேயே சுட்ட ரொட்டி வேண்டுமாம். ஓவன் இல்லாமல் எப்படி என்று பேசிக்கொண்டிருந்தபோது வால்டர் அண்ணன் என்னைப் பார்த்தார்.

"நீ வின்னி தங்கச்சிதானே? மூணு வருஷம் முன்ன பேத்தமங்கலம் ஏரியில நடந்த கோயில் கேம்புல உங்கக்கா பம்ப் ஸ்டவ்லயே ரொட்டி சுட்டுச்சே, ஃபாதர் கையால பிரைஸ் வாங்குச்சே. உனுக்கு வராதா?"

நான் தலையை ஆட்டிவிட்டேன். யாராவது கேட்டால் எனக்கு இல்லை என்று சொல்ல வராது, உனக்குத்தான் தெரியுமே. டிசம்பர் 14 அன்று நாற்பது பேர் வருகிறார்கள். அதற்குள் ரொட்டி சரியாக வராவிட்டால் பெங்களூரிலிருந்து ஒரு பேக்கரி மாஸ்டரைக் கூட்டி வருவாராம். அப்புறம் எனக்கு அங்கே இடமில்லை. பக்கத்து வீட்டு கிருஷ்ணம்மாக்காவோடு ரயிலேறி கார்மெண்ட்ஸுக்குப் போ என்று அப்பா இப்போதே சொல்கிறார். ஒரே கூடத்தில் ஆயிரம் பேர் அக்கா. என்னால் முடியாது.

நீ செய்ததை அப்படியே, அளவோடு எழுதி அனுப்பு.

உன் பதிலுக்காகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும்
லவினா


நவகன்னியர் இல்லம்
28 செப்டம்பர் 2025

கிறிஸ்துவில் பிரியமான லவிக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் நலம். நீங்கள் மூவரும் நலமாயிருக்க மன்றாடுகிறேன். உனக்கு வேலை கிடைத்ததற்கு நன்றி செலுத்தினேன்.

இங்கே விடியற்காலை எழுந்து ஜெபம், பிறகு வேலை. என்னைக் கோழிப்பண்ணையில் விட்டிருக்கிறார்கள். அறுபது கோழிகள். பப்பாளி மரங்கள் காய்த்திருக்கின்றன. மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம். வருவதையும் போவதையும் மதர் வாசிப்பார்கள், ஆகையால் திருத்தமாக எழுது.

ரொட்டியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதில் பெரிதாக ஒன்றுமில்லை. மைதா, சமையல் சோடா, உப்பு, மோர். மீதியைக் கை சொல்லும்.

அப்பாவைத் துளசி போட்டு வெந்நீர் குடிக்கச் சொல்.

ஜெபத்தில் உங்களை மறவாத
வின்னி


ஊரிகம்
5 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் கோழிகள் சுகமா?

மீதியைக் கை சொல்லும் என்று எழுதியிருந்தாய். என் கை ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று முறை செய்து பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலமே மாவில் சோடாவும் மோரும் விட்டுப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி வைத்தேன். ராத்திரி முழுக்க ஊறினால்தான் மெத்தென்று வரும் என்று செல்வி அக்கா சொன்னாள். காலையில் கனமான சட்டியில் போட்டு மூடினேன். முதல் ரொட்டி சப்பாத்திக் கட்டை போல இருந்தது. இரண்டாவதுக்கு சோடாவைக் கூட்டினேன், மஞ்சளாகி சோப்பு வாசனை அடித்தது. மூன்றாவது அடியில் கரி, நடுவில் பச்சை மாவு. கேம்புக்கு வருகிற நாய்க்குச் செல்வி அக்கா போட்டாள். அது மோந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது.

இன்னும் நேரம் ஊறவேண்டுமோ என்று சந்தேகம். சோடா எத்தனை ஸ்பூன்? மாவு எத்தனை மணி நேரம் ஊறவேண்டும்? தீ எவ்வளவு? இந்த மூன்றுக்கு மட்டும் பதில் எழுது. வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

உன் கடிதம் வந்தால் அம்மா ஜெபமாலை முடிந்ததும் பக்கத்து வீட்டாருக்கெல்லாம் வாசித்துக் காட்டுகிறாள். "மீதியைக் கை சொல்லும்" என்ற இடத்தில் கிருஷ்ணம்மாக்கா ஆகா என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

உன்
லவினா


நவகன்னியர் இல்லம்
2 நவம்பர் 2025

கிறிஸ்துவில் பிரியமான லவிக்கு,

நான் நலம். உங்கள் நலனுக்காக வேண்டுகிறேன். இன்று கல்லறைத் திருநாள். இறந்துபோன சகோதரிகளின் கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைத்தோம்.

தீ சிறிதாக இருக்கட்டும். அவசரப்படாதே. பேத்தமங்கலத்தில் அன்று காற்றே இல்லை. ஏரி அசையாமல் கிடந்தது. வெளிச்சம் வருவதற்கு முன்பே இரண்டு நாரைகள் தண்ணீரோரம் வந்து நின்றன. ரொட்டி வேகிற வாசனை வந்தபோது இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை. எனக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான். அளவுகள் மறந்துவிட்டன.

புனித அந்தோணியாரிடம் கேள். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருவார்.

உன்னை ஜெபத்தில் நினைக்கும்
வின்னி


ஊரிகம்
9 நவம்பர் 2025

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். அப்பாவின் இருமல் குளிரோடு திரும்பி வந்துவிட்டது.

நாரை எத்தனை என்று ஞாபகம் இருக்கிறது, சோடா எத்தனை ஸ்பூன் என்று ஞாபகம் இல்லையா?

போன வாரம் செய்ததைத் துணிந்து வெளியே அனுப்பினேன். ஒருவர் அதைத் தட்டின் ஓரத்தில் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்று சத்தம். எல்லோரும் சிரித்தார்கள். கெட்டவர்கள் இல்லை, சும்மா சிரித்தார்கள். நான் கூடாரத்துக்குள் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டேன். வால்டர் அண்ணன் உள்ளே வந்து, "உங்கக்காவ ஒரு வார்த்தை கேளேம்மா. ஒரே வயித்துல பொறந்தவங்கதானே, கைப்பக்குவம் இல்லாமயா பூடும்" என்றார். அவர் நல்லதாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் கோபமாக வந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரும் இதைத்தான் சொன்னார்கள். வின்னி தங்கச்சியா நீ?

உனக்கு நான் கற்றுக்கொள்வது பிடிக்கவில்லையா? நேராகச் சொல்லிவிடு. அம்மா வாசித்துக் காட்டுவாள் என்று தயங்குகிறாயோ என்னவோ. இனிமேல் பதிலை வால்டர் அண்ணன் கடை விலாசத்துக்குப் போடு. கீழே எழுதியிருக்கிறேன். அங்கே யாரும் பிரிக்க மாட்டார்கள்.

லவினா


ஊரிகம்
23 நவம்பர் 2025

அக்காவுக்கு,

சுகம். இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.

மாதத்துக்கு ஒரு கடிதம்தான் எழுதலாம் என்று தெரியும். ஆனாலும் தினமும் கடைக்குப் போய்க் கேட்கிறேன். நேற்று சுட்ட ரொட்டியும் கல்லுதான். இரண்டு ராத்திரி ஊறவைத்தேன், புளித்த நாற்றம். அப்பா கிருஷ்ணம்மாக்காவிடம் பேசிவிட்டார். டிசம்பர் பதினைந்தாம் தேதி காலை என்னை அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

லவினா


நவகன்னியர் இல்லம்
26 நவம்பர் 2025

லவிக்கு,

நான் நலம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் கடிதம் எழுத மாட்டோம். ஆகையால் மதரிடம் கேட்டு முன்பாகவே எழுதுகிறேன்.

அன்று ஸ்டவ்வைத் தூக்கி வந்தவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவரைக் கேள். அம்மாவிடம் கேட்காதே.

வின்னி


ஊரிகம்
5 டிசம்பர் 2025

அக்காவுக்கு,

நாங்கள் சுகம்.

உன் கடிதத்தைக் கடை வாசலிலேயே நாலு முறை படித்தேன். யார் தூக்கி வந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்த கேம்புக்கு வரவில்லையே. அப்புறம்தான் ஷோகேஸில் இருக்கும் போட்டோ ஞாபகம் வந்தது. நீ ரொட்டித் தட்டைப் பிடித்துக்கொண்டு ஃபாதர் பக்கத்தில் நிற்கிறாயே, அது. உன் இடது பக்கம் ஒரு பம்ப் ஸ்டவ் மட்டும் தெரியும். பிடித்திருப்பவரை ஃப்ரேம் மறைத்திருந்தது. அம்மா கடைக்குப் போன நேரத்தில் போட்டோவை வெளியே எடுத்தேன்.

யார் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவர் பேரை இங்கே எழுதவில்லை. உனக்குத் தெரியும். முழங்கை வரைக்கும் அவர் கையெல்லாம் மாவு. உன் கை இரண்டும் கழுவித் துடைத்த மாதிரி சுத்தமாக இருக்கிறது.

அம்மா வருவதற்குள் போட்டோவை ஃப்ரேமில் திருப்பி மாட்டிவிட்டேன் அக்கா.

அவர் தினமும் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார். திங்கட்கிழமை ஊரிகம் ஸ்டேஷனுக்குப் போனேன். தூர நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை பக்கத்து பெஞ்சு வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். புதன்கிழமை அவரே, "இன்னாமா, மூணு நாளா பாக்கறேன், யாரையாவது தேடறியா?" என்று கேட்டார்.

"பேத்தமங்கலத்து ரொட்டி..." என்றேன்.

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீ வின்னி தங்கச்சி இல்ல? உங்கக்காவக் கேக்க வேண்டியதுதானே."

"கேட்டேங்கண்ணா. ஸ்டவ்வத் தூக்கினு வந்தவர கேளுன்னு எழுதிச்சி."

அவர் தோளிலிருந்த பையை இறக்கி பெஞ்சில் வைத்தார். "அப்டியா எழுதிச்சி" என்று மட்டும் சொன்னார். தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் வந்துவிடப்போகிறதே என்று எனக்குப் பதற்றம்.

பிறகு நான் எப்படிச் செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். "கலந்து எவ்ளோ நேரம் வெக்கிறே?"

"ராத்திரி முழுக்க."

அவர் சிரித்த சிரிப்பில் ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. "இட்லி மாவாமா இது? சோடாவும் மோரும் பட்ட நிமிஷம் அது வேலைய ஆரம்பிச்சிடும். உனுக்காக உக்காந்துனு இருக்காது. கலக்கு, தட்டு, சட்டியில போடு, மூடு. அவ்ளோதான். பெசையவும் பெசையாத."

அவருடைய அப்பா பங்களாவில் சமையல்காரராக இருந்தாராம். வீட்டில் ஓவன் இல்லாததால் அப்பா சட்டியிலேயே சுடுகிற ரொட்டியாம் இது. அன்று பேத்தமங்கலத்தில் சமையல் பெண்களுக்கு, தண்ணீரும் ஸ்டவ்வும் தூக்குவது பையன்களுக்கு என்று ஃபாதர் பிரித்துவிட்டிருந்தாராம். விடியற்காலையில் ஒரு பையன் பெண்கள் சமையல் கூடாரத்தில் இருந்தான் என்று தெரிந்தால் உனக்குத் திட்டு விழும். அதனால் நீ செய்ததாகவே இருக்கட்டும் என்று அவர்தான் சொன்னாராம்.

மூன்று வருடம் அக்கா. உன் கைப்பக்குவம் எனக்கு வரவில்லை என்று நான் அழுத அழுகையெல்லாம், இல்லாத ஒன்றுக்காகவா? முதல் கடிதத்திலேயே "நான் செய்யவில்லை" என்று இரண்டு வார்த்தை எழுதியிருக்கலாமே.

ரயில் வந்தது. ஏறி, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அங்க எப்டி கீது வின்னி?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் கீது" என்றேன். நீ ஒவ்வொரு கடிதத்திலும் அப்படித்தானே எழுதுகிறாய்.

லவினா


ஊரிகம்
15 டிசம்பர் 2025

அக்காவுக்கு,

நாங்கள் சுகம். இன்று காலை நான் ரயிலேறவில்லை. ஏன் என்று எழுதுகிறேன்.

நேற்று நாற்பது பேர் வந்தார்கள். கலந்த மாவு காத்திருக்காது என்பதால் முன்பே செய்து வைக்க முடியாது. சமையல் கூடாரத்திலிருந்து சாப்பிடுகிற இடத்துக்குப் போவதற்குள் ரொட்டி ஆறிவிடுகிறது. கடைசியில் வால்டர் அண்ணன் ஸ்டவ்களை வெளியே பாறை ஓரத்தில், எல்லோருக்கும் நடுவில் வைத்துவிட்டார். எங்கே மறைந்துகொள்வது? மூன்று அடுப்பு, மூன்று சட்டி, சுற்றிலும் தட்டோடு நாற்பது பேர்.

முதல் சட்டியில் அவசரத்தில் மோர் அதிகமாகிவிட்டது. மாவு ஓடியது. சட்டியோடு ஓரமாக வைத்துவிட்டேன். செல்வி அக்கா, "ஜனங்கள பாக்காத, சட்டியப் பாரு" என்றாள். அடுத்ததைக் கலந்தேன், தட்டினேன், போட்டேன், மூடினேன். மூடியைத் திறந்து பார்க்கக் கை பரபரத்தது. முந்தானையில் கையைச் சுற்றிக்கொண்டேன். ஒரு பக்கம் வெந்து திருப்பியபோது, அக்கா, அது உப்பி வெடித்திருந்தது. பிட்டால் ஆவி வந்தது.

அதற்குப் பிறகு நிறுத்தாமல் செய்தேன். ஒருவர் யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார். வால்டர் அண்ணன் பெருமையாக, "இவங்கக்கா வின்னி கை ரொட்டி சார் இது. பேத்தமங்கலத்துல ஃபேமஸ். தங்கச்சி செய்யுது" என்றார்.

"இல்லண்ணா" என்றேன். "இது என் கை."

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. செல்வி அக்கா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். குனிந்து ரொட்டியைத் திருப்பினேன். அடுத்த வாரமும் ஸ்டவ்வை வெளியிலேயே போடச் சொல்லியிருக்கிறார் வால்டர் அண்ணன். மாஸ்டர் வரவில்லை. அப்பா கார்மெண்ட்ஸ் பேச்சை விட்டுவிட்டார். கிருஷ்ணம்மாக்காதான் ரயிலில் எனக்காகப் பிடித்து வைத்த இடம் வீணாகப் போனது என்று முணுமுணுத்தார்.

உன் மேல் கோபம் இன்னும் போகவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ நலம் என்று அவரிடம் சொன்னேன். நான் சொன்னது சரியா?

லவினா


நவகன்னியர் இல்லம்
10 ஜனவரி 2026

லவி,

உன் இரண்டு கடிதங்களும் கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான் என் கைக்கு வந்தன. மதர் வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். பேத்தமங்கலத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன், மாவைத் தொட்டது யார் என்பதிலிருந்து. கோபப்படுவார்கள் என்று நினைத்தேன். ஆனால், "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார்கள். நீ எழுதியதைப் போலவே.

சொன்னால் அவர் பேரும் வரும் என்று பயந்தேன். அவர் பேர் வந்தால் நான் ஏன் இங்கே வந்தேன் என்று எல்லோரும் கேட்பார்கள். நானும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்காக உன்னைக் கல்லு சுட வைத்தேன். மன்னித்துக்கொள்.

பிப்ரவரி இரண்டாம் தேதி என்னோடு வந்த நால்வரும் வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியராகிறார்கள். நான் அன்று கொடுக்கவில்லை. அதற்குமேல் எனக்கே தெரியாது. அம்மாவுக்கு நானே எழுதுகிறேன். அதுவரை சொல்லாதே.

மூடியைத் திறக்காதே என்று உனக்கும் சொன்னாரா? அன்று நான் மூன்று முறை திறந்தேன். மூன்று முறையும் திட்டினார்.

கோழிப்பண்ணையிலிருந்து சமையலறைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ரொட்டியின் அளவை எழுதி அனுப்பு. எனக்கு உண்மையாகவே தெரியாது.

வின்னி


ஊரிகம்
18 ஜனவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். அப்பா துளசி வெந்நீர் குடிக்கிறார். அம்மாவிடம் சொல்லவில்லை.

அளவு இதோ. மைதா மூன்று தம்ளர். சோடா ஒரு டீஸ்பூன், தலைதட்டி. உப்பு ஒரு டீஸ்பூன். புளித்த மோர் ஒன்றரைத் தம்ளருக்குக் கொஞ்சம் குறைவாக. முதலில் சட்டியைச் சூடாக்கு, அப்புறம்தான் மோரை விடு. கையால் பத்து முறை புரட்டினால் போதும். இரண்டு விரல் கனத்துக்குத் தட்டிப் போடு. தீ சிறிதாக, ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம். கலந்து வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போகாதே. மணி அடித்தாலும் போகாதே. அந்த நேரத்தில் கலக்காதே என்று சொல்கிறேன், மதர் தப்பாக நினைக்க வேண்டாம்.

மூடியைத் திறக்காதே.

வெள்ளிக்கிழமை ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். இந்த முறை நானே போய்ப் பேசினேன். அவர் பிட்டுப் பார்த்து, உப்பு கொஞ்சம் தூக்கல் என்றார். சாப்பிட்டு முடித்துவிட்டு மறுபடியும் அதையே கேட்டார், அங்கே எப்படி இருக்கிறாய் என்று. நல்லாயிருக்கு என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. "எழுதிக் கேட்டுச் சொல்றேங்கண்ணா" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு ரயிலேறினார்.

உன் பதில் வர எத்தனை நாள் ஆகுமோ தெரியாது. அதுவரை அந்த ரயில் நேரத்துக்கு நான் ஸ்டேஷன் பக்கம் போக முடியாது. ஆகையால் சீக்கிரம் எழுது. நலம் என்று எழுதாதே. நாரையைப் பற்றி எழுதாதே. அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் எழுது.

உன் தங்கை
லவினா